உள்ளாட்சி, வீடு, தண்ணீர், கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் ஏரியா சபைகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியவை. என் நிலைப்பாடு ஒன்றுதான். வரி வாங்குகிறவர், முடிவெடுக்கிறவர், பதில் சொல்ல வேண்டியவர் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் உங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எத்தனையோ பிரச்சினை இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்துவதிலிருந்து. சென்னை மாநகராட்சியின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அது இந்த இடைவெளியில்தான். கொரோனா வந்ததும் இந்த இடைவெளியில்தான். நகரத்தின் மிக மோசமான நாட்களில், தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஓட்டு வாங்கிய ஒருவர்கூட இல்லை.

அது முடிந்துபோன கதையும் இல்லை. 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243ஈ (ஊராட்சிகளுக்கு), 243யு (நகராட்சிகளுக்கு) பிரிவுகள் தெளிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு முறையும் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, அதன் மீது வழக்கு என்று காரணம் வருகிறது.

இதற்கு ஒரு சின்னச் சட்டத் திருத்தம் போதும் என்று நினைக்கிறேன். மறுவரையறையும் ஒதுக்கீடும் பதவிக்காலம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே இறுதியாக வேண்டும். ஆகவில்லை என்றால் பழைய வார்டுகளின்படியே தேர்தல் நடக்க வேண்டும். தனி அலுவலர் யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. நகர்ப்புறத்தில் 2022-ல் தேர்வானவர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் இது நடக்க வேண்டும்.

கவுன்சிலரிடம் போனால் "அது என் கையில் இல்லை" என்கிறாரே?

பல விஷயங்களில் அவர் சொல்வது உண்மைதான். 74-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், சாலை, குடிசைப் பகுதி மேம்பாடு, நகரத் திட்டமிடல் என்று 18 பணிகளை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாம் அட்டவணை பட்டியல் போடுகிறது. ஆனால் எதை ஒப்படைப்பது என்பது மாநில அரசின் விருப்பம். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்திடம் இருக்கின்றன. திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). ஏழைகளுக்கான வீடு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். கரண்ட் மின் பகிர்மானக் கழகத்திடம். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, உள்தெருச் சாலை போன்றவைதான் மாநகராட்சிக்கு மிச்சம்.

இதன் விளைவை எங்கள் தெருவிலேயே காட்டலாம். புதுத் தார் போட்டார்கள். சில மாதங்களில் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். அதை மூடிய தடம் அமுங்குவதற்குள் மின்கேபிளுக்காக எதிர்ப்பக்கம் தோண்டினார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒப்பந்ததாரர், வேறு பொறியாளர். மேலே வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பிறகு மறுபடி தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அப்படியே மேலே போட்டார்கள். பழைய வீடுகளின் வாசற்படி இப்போது சாலைக்குக் கீழே இருக்கிறது. மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். சம்ப் மூடி வழியாகச் சாக்கடைத் தண்ணீர் இறங்குகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டிருந்தார். உத்தரவு இருக்கிறது. அது நடந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடத் தெரு அளவில் ஆள் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வார்டுக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு சாலை வெட்டு அட்டவணை. யார் எந்த மாதம் தோண்டப் போகிறார்கள் என்பதை எல்லா துறைகளும் அதில் முன்கூட்டியே எழுத வேண்டும். அவசரப் பழுது தவிர வேறு எதற்கும், புதுச் சாலை போட்டு மூன்று வருஷத்துக்குள் வெட்ட அனுமதி கிடையாது. வேலை முடிந்தபின் வார்டு பொறியாளரும் கவுன்சிலரும் சாலை மட்டத்தை அளந்து கையெழுத்திட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். குடிநீர் வாரியம், ஈ.பி. இரண்டின் பகுதிப் பொறியாளர்களும் கவுன்சிலர் தலைமையில் கூடும் வார்டு குழுக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதியில் எழுத வேண்டும். வாரியங்களைக் கலைக்கச் சொல்லவில்லை. அவர்களை வார்டுக்கு வரவழைத்துப் பதில் சொல்ல வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆகாது. 1996, 2001, 2011 மூன்று முறையும் சென்னையில் நேரடித் தேர்தல்தான் நடந்தது. 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். முறை மாறிக்கொண்டே இருந்தது, அதிகாரம் மாறவில்லை. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. கையில் அதிகாரமே இல்லாத மேயரை எந்த வழியில் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கிராமத்துக்குக் கிராமசபை போல நகரத்துக்கு ஏரியா சபை. 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் ஒரு வார்டு பத்து ஏரியாக்களாகப் பிரிக்கப்படுகிறது. அந்த ஏரியாவின் வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம்.

நல்ல தொடக்கம், ஆனால் இரண்டு ஓட்டைகள். முதலாவது, வார்டு குழுவில் ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார், அவர் நியமிக்கப்படுகிறவர், தேர்வு செய்யப்படுகிறவர் இல்லை. கவுன்சிலரின் கட்சிக்காரரே அந்த இடத்தில் உட்கார்ந்தால் சபை எதற்கு? வாக்காளர்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாவது, சபையில் எடுத்த தீர்மானத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஓர் எண் வேண்டும். அடுத்த சபையின் முதல் வேலையே பழைய எண்களை வரிசையாகப் படித்து, முடிந்தது, முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று சொல்வதாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சொத்து வரியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் அதை ஆதரிக்கிறீர்களா?

கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: வரியை ஏற்றாமலே வைத்திருந்ததுதான் பெரிய தவறு. சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் வரி திருத்தப்பட்டது. 24 வருஷம். ஓட்டுக்குப் பயந்து ஒவ்வொரு ஆட்சியும் தள்ளிப்போட்டது. பிறகு மத்திய நிதிக்குழு மானியத்துக்கு நிபந்தனை வந்ததும் ஒரே அடியாக ஏற்றினார்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேல் 150 சதவீதம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இதை எப்படித் தாங்குவார்? வருஷா வருஷம் சின்ன அளவில், விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்திருந்தால் யாரும் தடுமாறியிருக்க மாட்டார்கள். 2024-ல் 6 சதவீதம் உயர்ந்தபோதும் எதிர்ப்பு வந்தது. எனக்கு அந்த முறையில் குறை இல்லை. வாங்கிய பணம் எங்கே போனது என்று காட்டாததில்தான் குறை.

மக்கள் பணம் கொடுக்கத் தயாராக இல்லை என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆலந்தூர்தான் நினைவுக்கு வரும். அது தனி நகராட்சியாக இருந்த காலம். 1996-ல் நகர்மன்றத் தலைவரான ஆர்.எஸ். பாரதியின் காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டார்கள். அரசு மானியத்துக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 10,000 ரூபாய் என்று முன்வைப்புத் தொகை கேட்டார்கள். அந்தக் காலத்தில் அது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. குழாய் பதிப்பதற்கு முன்பே மக்கள் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. நகராட்சியை நம்ப அவர்களுக்குக் காரணம் இருந்தது: எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தது, யாரைக் கேட்பது என்றும் தெரிந்தது. 2000-இல் வேலை தொடங்கி, திட்டம் நிறைவேறியது. ஆலந்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது.

அதனால் வரி உயர்வோடு சேர்த்து வார்டு கணக்குப் புத்தகம் ஒன்று வேண்டும். இந்த வார்டில் வசூலான சொத்து வரி இவ்வளவு, இங்கே செலவான தொகை இவ்வளவு, எந்தத் தெருவில் என்ன வேலை, ஒப்பந்ததாரர் யார். ஒரு பக்கத்தில், தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வசூலில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று ஏரியா சபையே முடிவு செய்யட்டும்.

மாநில அரசிடமிருந்து பணம் வருவதில்லையா?

வருகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எப்படிச் செலவழிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். இரண்டும் ஒரே கணக்கு இல்லை, நேராக ஒப்பிட முடியாது. ஆனால் பணத்தோடு முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்த அந்தத் துணிச்சல் நமக்கு இன்னும் வரவில்லை.

குடிசை மாற்றுக் குடியிருப்புகள் இவ்வளவு கட்டியும் பிரச்சினை தீரவில்லையே, ஏன்?

வீட்டைக் கட்டினோம், வாழ்க்கையைக் கட்டவில்லை. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய் விட்டோம். மயிலாப்பூரிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வீட்டு வேலை செய்த ஒரு பெண், காலை ஆறு மணிக்கு வேலை செய்யும் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அவர் வேலையை விட்டார், அல்லது பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டை இடித்த நிகழ்வுகள் உண்டு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். ஒரு கொள்கை மனிதர்களை அந்த எல்லைக்குத் தள்ளுகிறது என்றால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே கட்டித்தருவது முதல் விதியாக வேண்டும். அது உண்மையிலேயே முடியாது என்றால், எதனால் என்று எழுத்தில் கொடுத்து, வேலை செய்யும் இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் மாற்றிடம் தர வேண்டும். நிலம் இல்லை என்பார்கள். நகரத்துக்குள்ளேயே வாரியத்தின் பழைய அடுக்குமாடித் திட்டப்பகுதிகள் இருக்கின்றன. அவற்றை இடித்துக் கூடுதல் மாடிகளோடு கட்டும்போது பழைய குடும்பங்களோடு பக்கத்துக் கரையோரக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கல்வியாண்டின் நடுவில் யாரையும் வெளியேற்றக் கூடாது.

அப்புறம் பராமரிப்பு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. கட்டும்போது அடிக்கல், திறப்பு விழா எல்லாம் உண்டு. பத்தாவது வருஷத்தில் குழாய் ஒழுகும்போது யாரும் வருவதில்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் கர்ப்பிணிகளும் முதியவர்களும் வீட்டிலேயே அடைபடுகிறார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் கட்டும்போதே ஒரு பராமரிப்பு நிதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியை அங்குள்ள குடியிருப்போர் சங்கமும் வாரியமும் கூட்டாகச் செலவழிக்கும்படி செய்ய வேண்டும்.

சொந்த வீடு வேண்டாம், வாடகைக்கே வழியில்லை. எங்களுக்கு என்ன?

நியாயமான கேள்வி. பேசப்படுவதெல்லாம் சொந்த வீட்டுத் திட்டங்கள்தான். 2017-ல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்று ஒரு வாசகமும் சேர்ந்து இருக்கிறது. ஹவுஸ் ஓனர் ஆறு மாதமோ பத்து மாதமோ அட்வான்ஸ் கேட்டு, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார். அந்த வாசகத்தை எடுத்தாலே போதும். நகரத்துக்குப் பிழைக்க வரும் ஒருவர் முதல் மாதமே ஒரு லட்சம் புரட்ட வேண்டியிருக்காது.

இன்னொன்று, சப்-மீட்டர், அதாவது வாடகைப் பகுதியின் கரண்டை அளக்க ஓனரே வைக்கும் மீட்டர். ஈ.பி. கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் பல வீடுகளில் வாடகைக்காரரிடம் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து ரூபாய் வாங்குகிறார்கள். அரசு ஏழைக்குக் கொடுக்கும் சலுகை அவருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் வாடகைக்காரர் பெயரிலேயே தனி இணைப்பு தர வேண்டும், ஓனரின் தடையில்லாச் சான்று கேட்காமல்.

இரண்டு மாத பில்லை மாதாமாதம் மாற்றினால் கரண்ட் கட்டணம் குறையுமா?

தானாகக் குறையாது. கட்டண விகிதம் மாறும் யூனிட் அளவுகளையும் பாதியாக வெட்டினால் கிட்டத்தட்ட அதே தொகைதான் வரும். ஏ.சி. ஓடும் மாதத்தில் கூடவும் செய்யலாம். மாதக் கணக்கெடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அதற்கு முன் சரிசெய்ய வேண்டியது 500 யூனிட் கோடு.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். 510 எரித்தால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அதற்கும் 4.50 ரூபாய் கணக்காகிறது. பிறகு கட்டணம் மாறினாலும் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் நான்கு நாள் தாமதமாக வந்தாலே ஒரு குடும்பம் கோட்டைத் தாண்டிவிடும். அந்தந்த அளவுக்கு மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை, கணக்கெடுத்த நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவுகளை விகிதமாக நீட்டுவது. இந்த இரண்டு மாற்றத்துக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் மறுபடி வராமல் தடுக்க முடியுமா?

முடியும். கடல்நீர் ஆலைகள் உதவுகின்றன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் தினம் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் முன்பே வந்தன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்று 2024-ல் வந்தது. ஆனால் அது மின்சாரத்தைக் குடிக்கும் தண்ணீர், விலை அதிகம். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது கொடுங்கையூரும் கோயம்பேடும். அங்கே கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஆலைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவில் மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. இதைப் பல மடங்காக்க வேண்டும்.

2003-ல் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நிலத்தடி நீர் ஏறியது. இப்போது பாதி வீடுகளில் அந்தக் குழியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, வடிகட்டும் மணல் சேறாகிக் கிடக்கிறது. செப்டம்பரில் வார்டு ஊழியர் வந்து திறந்து பார்த்து, சுத்தமாக இருந்தால் சொத்து வரியில் சிறு தள்ளுபடி கொடுக்கலாம்.

பேசாமல் தனியாரிடம் கொடுத்துவிட்டால்?

கொடுத்துத்தான் பார்த்திருக்கிறோமே. கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்காக சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் 2018-ல் கையெழுத்தானது. அப்போது கோவையில் தேர்வு செய்யப்பட்ட மாமன்றமே கிடையாது. ஒரு தலைமுறைக்கான முடிவை மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாமல் எடுத்தார்கள். சென்னையில் 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பல வருஷம் மாநகராட்சிக்காக உழைத்தவர்களுக்குத் தனியார் கைக்கு மாறினால் சம்பளம் குறையும் என்ற அச்சம். எந்த ஒப்பந்தமானாலும் முழு வாசகமும் தமிழில் வெளியாக வேண்டும், மாமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும், இருக்கும் தொழிலாளியின் ஊதியம் குறையக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தை நான் ஏற்க மாட்டேன்.

நான் ஒருத்தர் தனியாக என்ன செய்ய முடியும்?

ஒரு தாளை எடுங்கள். உங்கள் வார்டு எண்ணைப் போட்டு, கடைசி ஏரியா சபை எந்தத் தேதியில் நடந்தது, நிறைவேறிய தீர்மானங்களின் நகல், போன நிதியாண்டில் உங்கள் தெருவில் செய்த வேலைகள், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த தொகை, அளவீட்டுப் புத்தகத்தின் (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் பதிவேடு) நகல் என்று கேட்டு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் என்று மேலே குறிப்பிடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பதில் வந்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரோடு தெருவில் இறங்கி, அதில் எழுதியிருக்கும் நீளத்துக்கு வடிகால் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்தத் தாள்களோடு அடுத்த ஏரியா சபைக்குப் போங்கள்.